களிமண் தகட்டிலிருந்தே பல்பகுதியச் சங்கிலியை வளர்ப்பது எப்படி: கிழக்கின் சிறிய ஆய்வுகூடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்கில் வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ இரசாயனவியல் படித்து, இறுதியாண்டு ஆய்வுக்குக் களிமண்-பல்பகுதிய நானோச்சேர்வையைத் தலைப்பாக எடுக்க நினைக்கும் மாணவருக்காக இதை எழுதுகிறேன். பல்பகுதியம் (பொலிமர்) என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்; அதில் களிமண்ணின் நானோ அளவுத் தகடுகள் பரவி நிற்பதே நானோச்சேர்வை. பெரிய கருவிகள் எல்லாம் கையருகே இல்லாத ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் இதில் பலரும் கவனத்தை வைக்கும் இடம் வேறு, வேலை கெடும் இடம் வேறு. குடுவைக்குள் நடக்கும் பல்பகுதியமாக்கல்தான் கடினம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு முன்னால் வரும் களிமண் சுத்திகரிப்பும் அதற்குப் பின்னால் வரும் கழுவலும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ‘சங்கிலி தகட்டிலிருந்து வளர்ந்ததா, அல்லது வேறெங்கோ உருவாகி வந்து ஒட்டிக்கொண்டதா?’ என்ற கேள்விக்கு உங்கள் ஆய்வேடு பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பதிலை நோக்கித்தான் போகின்றன.

கலக்காமல் ஏன் வளர்க்க வேண்டும்

நமக்கு வேண்டிய கனிமம் மொன்மோரிலோனைற்று. இதன் ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 1 நானோமீற்றர் தடிப்பு, சில நூறு நானோமீற்றர் அகலம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். தகட்டுக்கு மறை ஏற்றம் உண்டு. அதை ஈடுசெய்யச் சோடியம், கல்சியம் போன்ற கற்றயன்கள் (நேரேற்ற அயன்கள்) இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். அடுக்கு முழுவதும் பிரிந்தால் ஒரு கிராம் களிமண்ணில் ஏறத்தாழ 750 சதுர மீற்றர் பரப்பு வெளிப்படும். அது முப்பது பேர்ச்சஸ் காணிக்குச் சமம்.

இந்தப் பரப்பு முழுவதும் பல்பகுதியத்தைத் தொட்டால்தான் நானோச்சேர்வை என்ற பெயருக்குப் பொருள் உண்டு. உருகிய பிளாஸ்டிக்கில் களிமண் தூளைக் கொட்டிக் கலக்கினால் இது நடக்காது. தகடு நீரை விரும்பும், பெரும்பாலான பல்பகுதியங்கள் விரும்பாது. அடுக்கு குலையாமல் மைக்ரோமீற்றர் அளவுத் துகளாகவே அது நின்றுவிடும். அப்புறம் கிடைப்பது வெறும் நிரப்பி சேர்த்த பிளாஸ்டிக்.

சங்கிலியின் முதற்புள்ளியைத் தகட்டின் மேலேயே கட்டிவிட்டால் நிலைமை மாறும். ஒருபகுதியங்கள் (சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகள்) இடைவெளிக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகச் சேரும்போது, வளரும் சங்கிலியே தகடுகளைத் தள்ளிப் பிரிக்கும். இதைத் தொழில் அளவில் முதலில் காட்டியவர்கள் ஜப்பானின் டொயோட்டா ஆய்வாளர்கள். 12-அமினோடொடெக்கனோயிக் அமிலத்தை மொன்மோரிலோனைற்றுக்குள் ஏற்றினார்கள். அதன் அமோனியம் முனை தகட்டைப் பிடித்துக்கொள்ள, மறுமுனை கப்ரோலக்ரம் வளையத்தைத் திறந்து நைலோன்-6 சங்கிலியைத் தொடங்கியது. 1993இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளின்படி, வெறும் 4.2 சதவீதக் களிமண்ணோடு இழுவை மட்டு (இழுக்கும்போது காட்டும் விறைப்பு) 1.1 கிகாபஸ்காலிலிருந்து 2.1 ஆகவும், வெப்பத்தில் வளையும் வெப்பநிலை 65 பாகையிலிருந்து 145 பாகை செல்சியசாகவும் ஏறியது. அந்தப் பொருள் காரின் டைமிங் பெல்ட் உறையாகவும் பயன்பட்டது. சாதாரண நிரப்பியில் இந்த மாற்றத்தைப் பெற இதைவிடப் பல மடங்கு கனிமம் போட வேண்டியிருக்கும்.

எந்தக் களிமண்ணோடு தொடங்குவது

உள்ளூர்க் களிமண்ணில் செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். எனக்கும் அது பிடித்த ஆசைதான். ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். சோடியம் மொன்மோரிலோனைற்று என்று தரம் குறிப்பிட்டு விற்கும் பொருளோடு, அல்லது குறைந்தபட்சம் அந்தக் கனிமம் மிகுந்த நல்ல பென்டனைற்றுக் களிமண்ணோடு தொடங்குங்கள். முறை கைக்கு வந்த பிறகு உள்ளூர் மண்ணுக்குப் போகலாம். அப்போது ஏதாவது பிழைத்தால் மண்ணில் பிழையா, முறையில் பிழையா என்று தெரியும்.

இலங்கையில் மொன்மோரிலோனைற்று உள்ள களிமண் என்று ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது மன்னார் மாவட்டத்து முருங்கன் மண். பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் கிடைப்பது கயோலின். அது வேறு கனிமம், அதற்கு வழியும் வேறு, கடைசியில் சொல்கிறேன். நம் பக்கத்தில் செங்கல்லுக்கும் சட்டி பானைக்கும் எடுக்கும் மண் பொதுவாகப் பல கனிமங்களின் கலவை. பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்ல முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும். வாவிக்கரைச் சேற்றை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் உப்பு, சேதனப் பொருள், சல்பைட்டு மூன்றும் இருக்கும். மூன்றுமே இந்த வேலைக்குப் பகை.

முதற்படி: மண்ணைச் சுத்தமாக்குதல்

கிணற்று நீரையோ குழாய் நீரையோ இந்த வேலையில் எந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். கரையோரக் கிணறுகளில் உப்பும் கல்சியமும் இருக்கும். கல்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். களிமண் பிரியாமல் திரண்டு அடியில் போய் உட்காரும். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான்.

மண் இயற்கையாக எடுத்ததென்றால் முதலில் மூன்றை நீக்க வேண்டும். காபனேற்றுக்கு, pH பெறுமானம் 5 அளவில் வைத்த சோடியம் அசற்றேற்றுக் கரைசல். சேதனப் பொருளுக்கு, மெல்லச் சூடாக்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் ஐதரசன் பேரொட்சைட்டு. நுரைத்துப் பொங்கும், ஆகவே பெரிய முகவை எடுங்கள். இரும்பு ஒட்சைட்டுக்கு, சோடியம் சித்திரேற்றும் இருகாபனேற்றும் கலந்த கரைசலில் டைதயோனைற்று. வாங்கிய தூய களிமண்ணுக்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்தது துகள் பிரிப்பு. ஒரு லீற்றர் நீரில் 10 அல்லது 20 கிராம் களிமண்ணை இரவு முழுவதும் கலக்கி, உயரமான பாத்திரத்தில் அசையாமல் விடுங்கள். 2 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட மணல், வண்டல் எல்லாம் இறங்கிவிடும், மேலே நிற்கும் தொங்கல்தான் (நுண்துகள் படியாமல் மிதக்கும் கலங்கல்) நமக்கு வேண்டியது. எவ்வளவு நேரம் விடுவது என்பதில் கவனம் தேவை. பாடநூல்கள் பெரும்பாலும் 20 பாகைக்குக் கணக்குச் சொல்லும்: மேல் 10 சென்ரிமீற்றர் தெளிய 8 மணிக்குச் சற்றுக் குறைவு. நம்மூர் ஆய்வுகூடம் 30 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. துகள் நீரில் இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்ரோக்சின் விதியில் அதைப் போட்டால் 6 மணிக்குச் சற்று மேலே போதும். 8 மணி விட்டால் பிழையில்லை, நல்ல களிமண்ணில் கொஞ்சத்தை இழப்பீர்கள், அவ்வளவுதான்.

பிரித்த தொங்கலை ஒரு மூலர் சோடியம் குளோரைட்டுக் கரைசலோடு மூன்று தடவை கலக்கிக் கலக்கி மையநீக்குங்கள் (வேகமாகச் சுழற்றிப் படியவையுங்கள்). இப்போது இடைவெளியில் இருப்பது எல்லாம் சோடியம். பிறகு உப்பைக் கழுவ வேண்டும். உப்பு இருக்கும்வரை களிமண் மையநீக்கியில் அழகாக அடியில் படியும், மேல்நீர் கண்ணாடி போல இருக்கும். இரண்டு மூன்று கழுவலுக்குப் பிறகு மேல்நீர் திடீரென்று கலங்கத் தொடங்கும். பயப்படாதீர்கள். உப்பு குறைந்து தகடுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பதன் அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது கூழ்பிரிப்புப் பையில் (உப்பை வெளியே விட்டுக் களிமண்ணை நிறுத்தும் மென்சவ்வுப் பை) ஊற்றி நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெளிநீரில் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டினால் வெண்மை தோன்றாமல் போகும் வரை இது நடக்க வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை இடம் இருக்கிறது என்று அளத்தல்

கற்றயன் பரிமாற்றக் கொள்ளளவு (களிமண் மாற்றிப் பிடிக்கக்கூடிய நேரேற்றத்தின் அளவு) தெரியாமல், சங்கிலியைத் தொடங்கிவைக்கும் சேர்வையான தொடக்கியை நிறுத்துப் போடுவது இருட்டில் கை நீட்டுவது மாதிரி. மொன்மோரிலோனைற்றுக்கு இது பொதுவாக 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிச்சமவலு. உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை மெதிலீன் நீலத்தைக் கொண்டு ஒரே காலையில் அளந்துவிடலாம்.

105 பாகையில் உலர்த்திய களிமண் 0.5 கிராமை 50 மில்லிலீற்றர் நீரில் நன்றாகப் பரப்பி, சில துளி ஐதான சல்பூரிக்கமிலம் சேருங்கள். 0.01 மூலர் மெதிலீன் நீலத்தை 2 மில்லிலீற்றர் அளவில் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் கலக்கி, கண்ணாடிக் கோலால் ஒரு துளியை வடிதாளில் வையுங்கள். நடுவில் கருநீலப் புள்ளியும் சுற்றி நிறமற்ற ஈரமும் இருந்தால் களிமண் இன்னும் சாயத்தை உள்ளே இழுக்கிறது. புள்ளியைச் சுற்றி இளநீல வளையம் தோன்றி, மேலும் ஐந்து நிமிடம் கலக்கிய பிறகும் அது மாறாமல் இருந்தால் முடிந்தது. இந்த அளவுகளில் கணக்கு மிக எளிது: செலவான மில்லிலீற்றரை இரண்டால் பெருக்கினால் 100 கிராமுக்கான மில்லிச்சமவலு. 45 மில்லிலீற்றர் போயிருந்தால் 90.

களிமண்ணை உலர்த்தி நிறுக்கச் சொன்னது சும்மா அல்ல. மாரி மாதங்களில் நம் காற்றில் வைத்த சோடியம் மொன்மோரிலோனைற்று எடையில் பத்தில் ஒரு பங்குவரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நிறுத்ததையும் கார்த்திகையில் நிறுத்ததையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

மூன்றாம் படி: தொடக்கியைத் தகட்டில் ஏற்றுதல்

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது வி-50 என்ற பெயரில் விற்கும் அசோச் சேர்வை. முழுப்பெயர் 2,2'-அசோபிஸ்(2-மெதயில்புரோப்பியோனமிடீன்) டைஐதரோகுளோரைட்டு. மூலர்த் திணிவு 271. நீரில் கரையும், தொகுக்க வேண்டியதில்லை, வாங்கி அப்படியே பயன்படுத்தலாம். இதன் இரு முனையிலும் நேரேற்றம் உண்டு. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன். சூடாக்கும்போது நடுவிலிருந்து நைதரசன் வெளியேறி மூலக்கூறு இரண்டு மூலிகங்களாக (சோடியற்ற இலத்திரன் கொண்ட, வினைக்குத் துடிக்கும் துண்டுகளாக) பிளக்கும். ஒரு முனையில் மட்டும் ஏற்றம் உள்ள தொடக்கியாக இருந்தால் ஒரு பாதி தகட்டில் நிற்கும், மறுபாதி கரைசலுக்குள் ஓடிப்போய் அங்கே தனிச் சங்கிலியைத் தொடங்கும். வி-50இல் இரு பாதிக்கும் ஏற்றம் இருப்பதால் இரண்டுமே தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கொள்ளளவு முழுவதையும் நிரப்ப வேண்டாம், பாதி போதும். முழுவதும் நிரப்பினால் களிமண் நீரில் திரண்டு இறுகிவிடும், ஒருபகுதியம் உள்ளே போவது சிரமம். கணக்கு இப்படி: 10 கிராம் களிமண், கொள்ளளவு 90 என்றால் மொத்தம் 9 மில்லிச்சமவலு, பாதி 4.5. வி-50 ஒவ்வொன்றும் இரண்டு ஏற்றம் என்பதால் 2.25 மில்லிமூல், அதாவது 0.61 கிராம்.

10 கிராம் களிமண்ணை ஒரு லீற்றர் நீரில் பரப்பி, பனிக்கட்டித் தொட்டியில் வையுங்கள். வி-50ஐ 100 மில்லிலீற்றர் குளிர்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பரிமாற்றம் விரைவாகவே நடக்கும், இரண்டு மூன்று மணி கலக்கினால் தாராளம். பிறகு குளிர்நீரால் கழுவி மையநீக்குங்கள். இங்கும் வெள்ளி நைத்திரேற்றுச் சோதனைதான். தகட்டில் ஏறாத வி-50 குளோரைட்டோடுதான் இருக்கும், ஆகவே குளோரைட்டு முற்றாக நின்றால் சுயாதீனமாக மிதக்கும் தொடக்கியும் நின்றது என்று பொருள். இந்தக் கழுவலில் ஒரு சுற்றுக் குறைத்தாலும் பின்னால் கிடைக்கும் எல்லா எண்ணும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

வி-50 நீரில் 56 பாகையில் 10 மணிநேரத்தில் பாதி சிதையும். நம் அறை வெப்பநிலையில் அவ்வளவு வேகம் இல்லை, இருந்தாலும் பகல் முழுவதும் யன்னலோரம் வைத்திருப்பது நல்லதல்ல. களிமண்ணை அடுப்பில் உலர்த்தக் கூடாது. அறையிலும் உலர்த்த வேண்டாம் என்பேன். உலர்ந்தால் அடுக்குகள் மீண்டும் இறுகும். ஈரப் பசையாகவே மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வைத்து, ஒரு சிறு மாதிரியை மட்டும் உலர்த்தித் திண்மச் சதவீதத்தைக் கண்டுகொள்ளுங்கள். சில நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

நான்காம் படி: சங்கிலியை வளர்த்தல்

ஒருபகுதியமாக மெதயில் மெதக்கிரிலேற்றை எடுத்துக்கொள்வோம். பேர்ஸ்பெக்ஸ் என்று நாம் அறிந்த பிளாஸ்டிக் இதிலிருந்துதான் வருகிறது. இதன் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 10 பாகை. நம் அறை எப்போதும் அதற்கு மேல்தான் இருக்கும், ஆகவே போத்தல் திறந்திருக்கும்போது அந்த அறையில் சுவாலை எதுவும் கூடாது. வாங்கும் திரவத்தில் தானாகப் பல்பகுதியமாகாமல் இருக்கத் தடுப்பான் சேர்த்திருப்பார்கள். கார அலுமினா நிரப்பிய சிறு நிரலினூடாக வடித்தால் அது நின்றுவிடும். வடித்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

500 மில்லிலீற்றர் மூன்று கழுத்துக் குடுவையில், உலர் எடை 2 கிராமுக்குச் சமமான களிமண் பசையை, கொதிக்கவைத்து ஆற்றிய 200 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் பரப்புங்கள். ஒருபகுதியம் 20 கிராம் சேருங்கள். அறை வெப்பநிலையிலேயே நைதரசனை முக்கால் மணி குமிழவிடுங்கள். ஒட்சிசன் மூலிகத்தைப் பிடித்து விழுங்கிவிடும், இந்த முக்கால் மணியைக் குறைத்தால் வினை தொடங்கத் தாமதமாகும். பிறகு நைதரசன் குழாயைத் திரவத்துக்கு மேலே தூக்கிவிடுங்கள். தொடர்ந்து குமிழவிட்டால் ஒருபகுதியம் ஆவியாய் வெளியே போகும். ஒடுக்கிக்கு நம்மூர்க் குழாய் நீர் போதுமான குளிர்ச்சி தராது. வாளியில் பனிக்கட்டி நீர் வைத்து, மீன்தொட்டிக்குப் போடும் சிறு பம்பியால் சுற்றவிடுவது மலிவான தீர்வு.

வெப்பநிலை 65 பாகை, நேரம் 6 மணி. 65 பாகையில் வி-50இன் அரைவாழ்வு ஏறத்தாழ 3 மணி. ஊடகமாக நீரை வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மெதயில் மெதக்கிரிலேற்று தனியாக இருந்தால் நடுவழியில் கலவை தடித்து, வினை தானாக வேகமெடுத்து, கட்டுமீறிச் சூடேறும். நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு மணிக்கும் 2 மில்லிலீற்றர் எடுத்து, சிறிது ஐதரோகுயினோன் சேர்த்து உலர்த்தி நிறுத்துக் குறித்துவைத்தால் எவ்வளவு ஒருபகுதியம் மாறியது என்ற வரைபு கிடைக்கும். இடையில் கரண்ட் போனால் கலக்கி நின்று களிமண் படிந்து கட்டியாகும். கலக்கிக்கு மட்டுமாவது ஒரு யூ.பி.எஸ். இருப்பது நல்லது. நீண்ட நேரம் மின்சாரம் இல்லையென்றால் குடுவையைத் திறந்து காற்றுப் பட விட்டு, பனிக்கட்டியில் வைத்து, நின்ற நேரத்தைக் குறித்து அந்த மாதிரியை அந்த நேரத்துக்குரியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சூடாக்கித் தொடர்ந்த மாதிரியை எதனோடும் ஒப்பிட முடியாது.

முடிவில் குளிரவைத்து, மெதனோலில் ஊற்றி வீழ்படிவாக்கி, வடித்து, குறைந்த அமுக்கத்தில் 50 பாகைக்குள் உலர்த்துங்கள்.

ஐந்தாம் படி: வளர்ந்ததா, ஒட்டியதா

இப்போது கையில் இருக்கும் வெள்ளைத் தூளை அப்படியே கருவிக்குள் வைத்துப் படம் எடுத்து ஆய்வேட்டில் போட்டுவிடும் அவசரம் எல்லோருக்கும் வரும். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தூளில் தகட்டில் வேரூன்றிய சங்கிலி இருக்கிறது, தகட்டின் மேல் சும்மா படிந்த சங்கிலி இருக்கிறது, களிமண்ணோடு தொடர்பே இல்லாத சங்கிலியும் இருக்கிறது. மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது.

1 கிராம் தூளை 50 மில்லிலீற்றர் அசற்றோனில் இரவு முழுவதும் கலக்கி மையநீக்குங்கள். மேல்திரவத்தில் சில துளியை மெதனோலில் விடுங்கள். கலங்கினால் சுயாதீனப் பல்பகுதியம் இன்னும் வருகிறது. கலங்காமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கடைசியாகச் சொக்ஸ்லெற் கருவியில் (கரைப்பானை ஆவியாக்கி ஒடுக்கித் திரும்பத் திரும்ப மாதிரியைக் கழுவும் கருவி) அசற்றோனோடு ஒரு முழுநாள். நன்றாக வளர்ந்த மாதிரி அசற்றோனில் படிய மறுத்துப் பால் போல் மிதக்கும். வெறும் களிமண் அப்படி மிதக்காது. நல்ல சகுனம்தான், ஆனால் நிரூபணம் அல்ல. மையநீக்கியின் வேகத்தைக் கூட்டி வேலையைத் தொடருங்கள்.

நிரூபணம் மூன்று ஒப்பீட்டுச் சோதனைகளில் இருக்கிறது. முதலாவது, தனியாகத் தயாரித்த அதே பல்பகுதியத்தை அசற்றோனில் கரைத்து, தொடக்கி ஏற்றாத களிமண்ணோடு ஒரு நாள் கலக்கி, அதே முறையில் அதே தடவை கழுவுங்கள். எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் ‘வெறும் ஒட்டல்’ அளவு. உங்கள் மாதிரியின் எண்ணிலிருந்து இதைக் கழித்தே பேச வேண்டும். இரண்டாவது, தொடக்கி ஏற்றாத களிமண்ணோடு அதே வினையை அதே நேரம் நடத்துங்கள். எதுவும் உருவாகக் கூடாது. மூன்றாவது, தொடக்கி ஏற்றிய களிமண்ணை நீரில் பரப்பி மையநீக்கி, மேல்நீரில் மட்டும் ஒருபகுதியத்தைச் சேர்த்துச் சூடாக்குங்கள். அதில் பல்பகுதியம் வந்தால் தொடக்கி தகட்டைவிட்டுக் கழன்று ஓடுகிறது, மூன்றாம் படியின் கழுவலுக்குத் திரும்பிப் போக வேண்டும். இந்த மூன்றுக்கும் செலவாகும் பொருள் மிகக் குறைவு. இவை இல்லாத ஆய்வேட்டை நான் நம்ப மாட்டேன், அதில் எவ்வளவு அழகான நுணுக்குக்காட்டிப் படம் இருந்தாலும்.

ஆறாம் படி: அளத்தல்

வெப்ப எடையிழப்புக் கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம், 900 பாகைக்குப் போகும் ஒரு மூடுலையும் புடக்குகையும் நல்ல தராசும் போதும். கழுவி உலர்ந்த மாதிரி 1.000 கிராமை எரித்து 0.380 கிராம் மிஞ்சியது என்று வைப்போம். களிமண்ணும் தன் கட்டமைப்பில் உள்ள ஐதரொட்சில்களை நீராக இழக்கும். அதற்காக உலர்ந்த வெறும் களிமண்ணையும் பக்கத்திலேயே எரியுங்கள். அது 0.94 கிராம் மிஞ்சினால், உங்கள் மாதிரியிலுள்ள உண்மைக் களிமண் 0.380 ÷ 0.94, அதாவது 0.404 கிராம். மீதி ஏறத்தாழ 0.6 கிராம் பல்பகுதியம். ஒரு கிராம் களிமண்ணுக்கு ஏறத்தாழ 1.5 கிராம்.

சங்கிலியின் நீளத்தை அறிய அதைத் தகட்டிலிருந்து கழற்ற வேண்டும். தெத்திராஐதரோபியூரானில் லிதியம் புரோமைட்டுச் சேர்த்து மீளொடுக்கி வைத்துச் சூடாக்கினால் லிதியம் உள்ளே போய்ச் சங்கிலியின் நேரேற்ற முனையை வெளியே தள்ளும். வெளிவந்த பல்பகுதியத்தின் மூலக்கூற்றுத் திணிவை, ஜெல் ஊடுருவல் நிறப்பகுப்புக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்பி அளந்துகொள்ளலாம்.

அது 50,000 என்று வந்தால் கணக்கை முடித்துவிடலாம். 1.5 கிராம் என்பது 0.00003 மூல், அதில் 1.8 × 10¹⁹ சங்கிலிகள். பரப்பு 750 சதுர மீற்றர், அதாவது 7.5 × 10²⁰ சதுர நானோமீற்றர். வகுத்தால் ஒரு சதுர நானோமீற்றருக்கு 0.024 சங்கிலி. நாம் ஏற்றிய வி-50 பிளந்தால் வந்திருக்கக்கூடிய மூலிகங்களோ சதுர நானோமீற்றருக்கு 0.36. பதினைந்தில் ஒன்றுதான் சங்கிலியாகியிருக்கிறது. இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒடுங்கிய இடைவெளியில் பிறக்கும் இரட்டை மூலிகங்கள் விலகிப்போக இடமின்றித் தமக்குள்ளேயே மீண்டும் சேர்ந்துவிடுவது இயல்பு. இந்த எண் எப்படி மாறுகிறது என்பதையே உங்கள் ஆய்வின் மையக் கேள்வியாக வைக்கலாம்.

எக்ஸ் கதிர்ச் சிதறலில், செம்புக் கதிர் கொண்டு பார்க்கும்போது, காற்றில் உலர்ந்த சோடியம் களிமண்ணின் உச்சி 7 பாகை அளவில் வரும். அது ஏறத்தாழ 1.2 நானோமீற்றர் இடைவெளி. இடைவெளி விரிய விரிய உச்சி இடப்பக்கம் நகரும். 2 பாகைக்கு வந்தால் 4.4 நானோமீற்றர். அதற்குக் கீழே பல கருவிகளால் பார்க்க முடியாது. உச்சி மறைந்துவிட்டது, ஆகவே தகடுகள் முற்றாகப் பிரிந்துவிட்டன என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அடுக்கு ஒழுங்கு குலைந்தாலும் உச்சி மறையும், களிமண் அளவு குறைந்தாலும் மறையும். ஊடுருவல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மெல்லிய வெட்டை நேரில் பார்த்த பிறகே அதைச் சொல்லலாம்.

கை வந்த பிறகு: கட்டுப்பாட்டோடு வளர்த்தல்

வி-50 முறையில் சங்கிலிகள் எல்லாம் வெவ்வேறு நீளத்தில் வரும். ஒரே அளவில் வேண்டுமென்றால் உயிர்ப்புள்ள பல்பகுதியமாக்கல் (சங்கிலி முனைகள் அணைந்துபோகாமல் ஒருசேர வளரும் முறை) வேண்டும். 1999இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் தகட்டில் நங்கூரமிட்ட தொடக்கியிலிருந்து பொலிஸ்டைரீனை இந்த வகையில் வளர்த்துக் காட்டினார்கள். இன்று அதிகம் கையாளப்படுவது, 1995இல் மத்யாஷெவ்ஸ்கியும் சவமோட்டோவும் தனித்தனியே அறிவித்த அணு மாற்ற மூலிக முறை. சங்கிலி முனையிலுள்ள புரோமினை முதலாம் நிலைச் செம்பு எடுத்துக்கொள்ளும், மூலிகம் ஒரு கணம் விழித்துச் சில ஒருபகுதியங்களைச் சேர்க்கும், புரோமின் திரும்பி வந்து அதை உறங்கவைக்கும். எல்லாச் சங்கிலியும் ஏறக்குறையச் சமமாக வளர்வது இதனால்தான்.

இதற்கு ஒரு முனையில் தகட்டைப் பிடிக்கும் நேரேற்ற நாற்புடை அமோனியமும், மறுமுனையில் சங்கிலியைத் தொடங்கும் புரோமோஐசோபியூற்றிரேற்றும் உள்ள மூலக்கூறு தேவை. 11-புரோமோஅன்டெக்கனோலை 2-புரோமோஐசோபியூற்றிரைல் புரோமைட்டோடு சேர்த்து எசுத்தராக்கி, பிறகு மும்மெதயிலமைனோடு வினைபுரியவிட்டால் கிடைக்கும். அந்தப் புரோமைட்டு ஈரக் காற்றில் புகைந்து கண்ணைப் பிடுங்கும். ஃபியூம் ஹூட் சரியாக வேலை செய்யாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம், அடைமழை நாளிலும் வேண்டாம்.

செம்பு குறைவாகவும் ஒட்சிசனுக்குச் சற்றுச் சகிப்போடும் வேலை செய்ய, இரண்டாம் நிலைச் செம்பை மிகச் சிறிய அளவில் போட்டு அசுக்கோபிக்கமிலத்தாலோ வெள்ளீய எதயில்எக்சனோவேற்றாலோ தொடர்ந்து தாழ்த்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: செம்பு-அமைன் சிக்கல்களும் கற்றயன்களே. களிமண்ணில் வெற்றிடம் இருந்தால் அவை போய் உட்கார்ந்துகொள்ளும். பரிமாற்றக் கொள்ளளவை அளக்கவே இத்தகைய செம்புச் சிக்கல்களைப் பயன்படுத்துவார்கள். ஆகவே இந்த முறையில் பாதி ஏற்றம் போதாது, கொள்ளளவு முழுவதையும் தொடக்கியால் நிரப்புங்கள். சேதனக் கரைப்பானில் வேலை நடப்பதால் நீரில் திரளும் கவலையும் இங்கு இல்லை.

கயோலினுக்கு வருவோம். அதன் பரிமாற்றக் கொள்ளளவு மிகக் குறைவு, அயன் வழி உதவாது. விளிம்பிலுள்ள ஐதரொட்சில்களில் அமினோசிலேனைப் பிணைத்து, அதன் மேல் புரோமோஐசோபியூற்றிரைல் கூட்டத்தை ஏற்றி வளர்க்க வேண்டும். பிணைப்பு வலுவானது, தொடங்கும் இடங்கள் குறைவு. ஐதரொட்சில் உள்ள சேதனக் களிமண்ணிலிருந்து கப்ரோலக்ரோன் வளையத்தை வெள்ளீய ஊக்கியோடு 100 பாகை அளவில் திறந்து வளர்ப்பது, மண்ணில் சிதையும் பிளாஸ்டிக்கில் ஆர்வமுள்ளவருக்கு ஏற்ற வழி. நீர் மூலக்கூறும் அங்கே ஒரு தொடக்கிதான், அதனால் எல்லாவற்றையும் எலும்பாய் உலர்த்த வேண்டும். அந்த வேலையை மாரிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் கழிவுக்கு முதல் நாளிலேயே மூன்று போத்தல் வையுங்கள்: அசற்றோனும் மெதனோலும் ஒன்றில், எஞ்சிய ஒருபகுதியம் ஐதரோகுயினோன் சேர்த்து இன்னொன்றில், செம்பும் வெள்ளியும் வெள்ளீயமும் உள்ள கரைசல்கள் மூன்றாவதில். பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். தொட்டியில் ஊற்றினால் அது நம் மணல் நிலத்தில் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக் கிணறு அதிலிருந்துதான் ஊறுகிறது.